விதி தெரியும், கை கேட்கவில்லை

கேள்வி: 19 ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் நானே சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திவிடுவேன். இரண்டு மாதமாக விதி மாறிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டதை இன்னொருவரும் பார்த்த பிறகுதான் சீல். அவசரப் படிவங்களுக்கு மட்டும் பழைய முறையே. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அதிகம் தப்புச் செய்வதும் நான்தான். முதல் இரண்டு வாரம் ஒரு தப்புகூட இல்லை. போன வாரம் மட்டும் மூன்று. சீல் விழுந்த மறு நொடியே தெரிந்துவிடுகிறது, ஆனால் என்ன பயன்? புதிதாகச் சேர்ந்த பெண் ஒருமுறைகூடத் தவறவில்லை. மேலதிகாரி 'கவனம் போதவில்லை' என்கிறார். எனக்கு 48 வயது. மறதி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, 'சீல் விழுந்த மறு நொடியே தெரிந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். மறதி என்றால் விதியே நினைவுக்கு வராது. யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். உங்களுக்கு விதி நன்றாக நினைவிருக்கிறது. கை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். (வீட்டிலும் பழகிய பெயர்கள், பேசிய விஷயங்கள் அடிக்கடி விட்டுப்போனால் அது வேறு, அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.)

உங்கள் மேசையைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கிறேன். கையெழுத்தின் கடைசிக் கோடு முடிகிறது. பேனாவைக் கீழே வைத்த அதே வேகத்தில் வலது கை சீலை எடுக்கிறது, ஸ்டாம்ப் பேடில் ஒரு தட்டு, படிவத்தில் ஓர் அழுத்து. அதற்குள் கண் அடுத்த படிவத்துக்குப் போய்விட்டது. 19 ஆண்டுகள் இது மூன்று தனி வேலையாக இருக்கவில்லை, ஒரே அசைவாக இருந்தது. கையெழுத்து முடிவதுதான் சீலை எடுக்கச் சொல்லும் சைகை. விதி மாறியது, ஆனால் அதே படிவம், அதே சீல், அதே இடம். சைகை மாறவில்லை.

ஒன்று தெரிவதும், பழையதை நிறுத்துவதும் இரண்டு வேறு வேலைகள். இதைச் சிறு குழந்தைகளிடம் அழகாகப் பார்க்கலாம். உளவியலாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளிடம் படச் சீட்டுகளைக் கொடுத்து, முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள். சரியாகப் பிரிக்கும். அப்புறம், 'இனி உருவத்தை வைத்துப் பிரி' என்பார்கள். 'முயல் எங்கே போகணும்?' என்று கேட்டால் பல குழந்தைகள் சரியான பெட்டியைக் காட்டிவிடும். ஆனால் சீட்டைக் கையில் கொடுத்ததும் பழையபடி நிறத்தைப் பார்த்தே போடும்! வளர்ந்தபின் நமக்கு அந்தத் தடுக்கும் சக்தி வந்துவிடுகிறது. ஆனால் அதற்குக் கவனம் வேண்டும். களைப்பில், அவசரத்தில், நடுவே ஒரு தொலைபேசி வந்தால் அது தளர்ந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் தப்பே வராததற்கும் இதுதான் காரணம். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு முழுவதும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதிகாலை 4.50க்கு எல்லா வண்டிகளும் நின்று, பக்கம் மாறி, 5 மணிக்குப் புறப்பட்டன. பெரும் விபத்துகள் நடக்கும் என்று பயந்தார்கள். நடந்ததோ தலைகீழ்: ஆரம்பத்தில் விபத்துகள் குறைந்தன. எல்லோரும் அவ்வளவு விழிப்பாக ஓட்டினார்கள். பயம் தெளியத் தெளிய எண்ணிக்கை பழைய அளவுக்கே திரும்பியது. உங்களுக்கும் 'பழகிவிட்டது' என்று மனம் விழிப்பைக் கைவிட்டிருக்கிறது, கை இன்னும் பழகவில்லை.

அந்தப் புதிய பெண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். அவர் ஒன்றைக் கற்றால் போதும். நீங்கள் ஒன்றைக் கற்று, இன்னொன்றை விடவும் வேண்டும். வேலையில் தேர்ந்தவர்களுக்குத்தான் இந்த வகைத் தப்பு வரும், ஏனென்றால் அவர்களின் கைதான் கண் இல்லாமலே வேலை செய்யும்.

உங்கள் அதிகாரி சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'கவனமாக இரு' என்பது ஒரு நாளுக்குத் தாங்கும், ஒரு மாதத்துக்குத் தாங்காது. விதியை மாற்றியவர்கள் மேசையையும் மாற்றியிருக்க வேண்டும். அதைவிடச் சிக்கல், அவசரப் படிவங்களுக்குப் பழைய முறையை விட்டுவைத்தது. தினமும் பத்து தடவை பழைய அசைவைச் செய்யவைத்துவிட்டு, பதினோராவது தடவை அதைச் செய்யாதே என்றால் அது எப்படி மறையும்?

ஆகவே, முதலில் சீலை உங்கள் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாவதாகப் பார்ப்பவரின் மேசையில் அது இருக்கட்டும். கை நீட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது; அந்த வெறுமையே உங்களை நிறுத்தும். அவசரப் படிவங்களுக்கு வேறு நிறத் தாளும் தனித் தட்டும் கேளுங்கள். அவற்றை இடையிடையே பார்க்காமல், ஒரு நேரம் ஒதுக்கி மொத்தமாக முடியுங்கள்.

இன்னொன்று, 'சீல் குத்தக் கூடாது' என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது சீலைத்தான் நினைவூட்டும். 'கையெழுத்து முடிந்ததும் படிவத்தை இடது தட்டில் வைப்பேன்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். அதே சைகைக்குக் கை செய்ய வேறொரு வேலை கிடைத்துவிடும். சில நாள் வாய்விட்டே சொன்னாலும் தப்பில்லை.

போன வாரத் தப்புகள் மூன்றும் எப்போது நடந்தன, அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாராவது நடுவில் கூப்பிட்டார்களா, அதற்கு முன் வந்தது அவசரப் படிவமா? அந்தத் தாளோடு அதிகாரியைப் போய்ப் பாருங்கள், சகோதரி. மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். சீலை எங்கே வைக்கலாம் என்று பேசப் போங்கள்.