ஜனவரியில் ஹல்லாசான் ஏறலாமா?

கேள்வி: நானும் கணவரும் தென் கொரியாவில், சுவோனில் இருக்கிறோம். ஜனவரி கடைசியில் மூன்று நாள் ஜெஜு தீவுக்குப் போகிறோம். ஹல்லாசான் உச்சி வரை ஏற ஆசை. வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் உண்டு. பனியில் நடந்ததே இல்லை. எந்தப் பாதையில் போகலாம்? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக ஏறலாம். வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு இந்த ஏற்றம் பெரிய விஷயமில்லை. உங்களைப் படுத்தப்போவது நேரமும் காற்றும்தான்.

முதலில் நேரம். ஹல்லாசான் 1,947 மீட்டர், தென் கொரியாவின் மிக உயரமான மலை. உச்சியில் உள்ள பேங்னொக்தாம் எரிமலைவாய் ஏரியைப் பார்க்க இரண்டே பாதைகள்: 9.6 கிலோமீட்டர் சொங்பனாக், 8.7 கிலோமீட்டர் குவானும்சா. சொங்பனாக் நீளம், ஆனால் மெதுவாக ஏறும். குவானும்சா செங்குத்து, பனியில் முதல்முறை நடப்பவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன். இரண்டுக்கும் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். பனிக்காலச் சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், முந்தைய மாதத் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள்.

சொங்பனாக்கில் 7.3ஆவது கிலோமீட்டரில் ஜிந்தல்லேபாத் என்ற தங்குமிடம் வரும். குறித்த நேரத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தால் மேலே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் இந்த நேரம் இன்னும் முந்தி வரும். அதனால் 11:30க்குள் அந்த இடத்தைக் கடக்கும்படி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், நடக்காது. அப்படியென்றால் காலை ஆறு, ஆறரைக்கே நடக்கத் தொடங்க வேண்டும். அங்கே அந்த மாதம் ஏழரைக்கு மேல்தான் சூரியன் உதிக்கும் என்பதால், நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம். போய்வர 19 கிலோமீட்டருக்கு மேல். பனியில் ஒன்பது மணி நேரம் பிடிக்கும்.

இதைப் படித்ததும் மலைப்பாக இருந்தால், யொங்சில் பாதையைப் பாருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். முன்பதிவு வேண்டாம். 3.7 கிலோமீட்டர் ஏறினால் 1,700 மீட்டர் உயரத்தில் விட்செ ஒரும் என்ற இடம் வரும். வழியில் பாறைத் தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே போனால் பனிவெளிக்கு அப்பால் உச்சியின் பாறைச் சுவர் எதிரே தெரியும். இறங்கும்போது ஒரிமோக் என்ற இன்னொரு பாதையில் 4.7 கிலோமீட்டர். இந்த வழியில் உச்சிக்குப் போக முடியாது, அதுதான் குறை. இன்னொன்று: பனி அதிகமாக இருந்தால் வண்டிகளை யொங்சிலின் கீழ் நிறுத்துமிடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பாதை தொடங்கும் இடத்துக்கே இரண்டரை கிலோமீட்டர் நடை, அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது காற்று. ஜெஜு நகரில் ஜனவரிச் சராசரி 6 டிகிரி. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் உச்சியில் மைனஸ் 6, 7. இது கடல் நடுவே நிற்கும் ஒற்றை மலை, காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 16 போலத் தெரியும். கஷ்டம் தெரிவது நடக்கும்போது அல்ல, நிற்கும்போது. உச்சிக் கல்லோடு படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். விறைத்துப் போவது அங்கேதான். தடித்த கோட்டை அதுவரை பையிலேயே வைத்திருந்து, வரிசையில் சேர்வதற்கு முன் போடுங்கள்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றதும் குளிர் எலும்பில் ஏறும். தெர்மல் உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டையைக் கொரியர்கள் 'ஐஜென்' என்பார்கள். அது இல்லாமல் போகவே கூடாது, முக்கியமாக இறக்கத்தில். அதையும், பனி காலணிக்குள் போகாமல் தடுக்கும் கணுக்கால் உறையையும் ஜெஜுவில் வாடகைக்கே எடுக்கலாம். ஒருமுறைப் பயணத்துக்கு எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். கையுறை மட்டும் இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற.

மலையில் கடை கிடையாது. எல்லோரும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய்க் கப் நூடுல்ஸ் செய்து சாப்பிடுவார்கள். அந்தக் குளிரில் அதற்கு ஈடில்லை. மீதிச் சாற்றைக் கீழே ஊற்றாமல் குடித்துவிடுங்கள், அல்லது திரும்பக் கொண்டு வாருங்கள். சைவமானால் கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருளை) வாங்கும்போது ஹாம், மீன் கேக் எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். நுழைவு க்யூஆர் கோடு அதில்தானே இருக்கிறது!

மலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாள் போய்ச் சேர்ந்து தூங்கி, இரண்டாம் நாள் ஏறுங்கள். பெரும்பனி வந்தால் பாதைகளையும் மலைச் சாலைகளையும் மூடிவிடுவார்கள். அன்று தெற்கே சொக்விபோ பக்கம் போய் கமேலியாப் பூக்கள் பார்க்கலாம். விமானமும் நிற்கலாம்: 2016 ஜனவரியில் ஏறக்குறைய இரண்டு நாள் ஜெஜு விமான நிலையமே மூடிக் கிடந்தது, 2023 ஜனவரியில் சந்திரப் புத்தாண்டு விடுமுறை முடியும் நாளில் எல்லா விமானங்களும் ரத்தாயின. திரும்பிய மறுநாள் காலையில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் கிளம்புவதற்கு முன் ஹல்லாசான் தேசியப் பூங்காவின் தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சொங்பனாக்குக்குப் பதிந்துவிட்டு யொங்சில் போக முடிவு செய்தால் பதிவை ரத்து செய்ய மறக்காதீர்கள். சொல்லாமல் வராமலிருந்தால் அப்புறம் சில மாதங்களுக்கு உங்கள் பெயரில் முன்பதிவு எடுக்க முடியாது.