ஏற்காடு பாதை: பிரிவில் எல்லோரும் இடப்பக்கம் இறங்கிவிடுவது பற்றி

ஏற்காடு மலைப்பாதை பிரியும் இடத்தில், மரத்தில் அம்புக்குறி இருந்தும் இறங்குபவர்கள் தவறாக இடப்பக்கம் போய்விடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். அம்புக்குறிக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம். தவறான வழியை மூடுங்கள். பிரிவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் முழுக்க விழுந்த கிளைகளையும் காய்ந்த உண்ணிச்செடியையும் குறுக்கே போட்டு நிரப்புங்கள் (கையுறை அவசியம், முள் கிழித்துவிடும்). வேகமாக இறங்குபவர் மரத்திலுள்ள அம்பைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்த இடப்பக்க வழி மழைத்தண்ணீர் அரித்த ஓடையாகத்தான் இருக்கும். தண்ணீர் சருகை அடித்துக்கொண்டு போய்விடுவதால் மண் பளிச்சென்று தெரியும். உண்மையான பாதையிலோ சில்வர் ஓக் இலை மூடிக் கிடக்கும். புதிதாக வருபவர் எதை நம்புவார்?

மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிரிவுக்கு மேலேயே தண்ணீர் பாதை நெடுக ஓடிவந்தால், அங்கே பள்ளத்துப் பக்க விளிம்பில் மேடாகச் சேர்ந்த மண்ணை வெட்டி, பாதையை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் போட்ட கிளையெல்லாம் அடுத்த பெருமழையோடு போய்விடும்.

அப்புறம், அந்த இடம் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். காப்பித் தோட்டமென்றால் மேலாளரிடம் கேளுங்கள். வழியை மூடப் போடும் கட்டைகளை வளைவுக்குப் பின்னால் மறைவாகப் போடவே கூடாது, வேகமாக வருபவர் பார்க்காமல் மோதிவிடுவார்.