டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் போதுமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. எதற்கென்று தெரியாத வரவு செலவையெல்லாம் இங்கே சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, வருடக் கடைசியில்தான். கேட்டால், பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியலைக் காட்டி, "டிரையல் பேலன்ஸ் டேலி ஆகுதில்ல, அப்புறம் என்ன?" என்கிறார் சீனியர். மாற்ற வேண்டியவை என்று 18 விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியல் கொஞ்ச நாள் மேசை டிராயரிலேயே இருக்கட்டும். பதினெட்டையும் ஒரே நேரத்தில் நீட்டினால், குறை சொல்ல வந்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ரீகன்சிலியேஷனை மட்டும் கையில் எடுங்கள். வாரம் ஒருமுறை.

உங்கள் சீனியர் சொல்வது பாதி சரி. சாஃப்ட்வேரில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் எங்கே போகும்? சப்ளையருக்குக் கொடுத்த 5,800ஐ 8,500 என்று தட்டிவிட்டால், பற்றிலும் 8,500, வரவிலும் 8,500. அழகாக டேலி ஆகும், கணக்கோ தப்பு. பணம் கட்டிய ஒரு பில்லைப் பதியவே மறந்தாலும் அதே கதைதான். இந்த மாதிரித் தப்பைக் காட்டிக்கொடுப்பது வெளியிலிருந்து வரும் பேங்க் ஸ்டேட்மென்ட்.

நம் கணக்குக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் வித்தியாசம் வந்தால் உடனே ஒவ்வொரு வரியாகத் தேட உட்காராதீர்கள். முதலில் அந்தத் தொகையை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்னதில் வித்தியாசம் 2,700, மீதியில்லாமல் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான் வரும். வகுபட்டால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தேட ஓர் இடம் கிடைக்கும். அடுத்து, வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா பாருங்கள். செலவை வரவாகப் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் நிற்கும். இரண்டும் இல்லையென்றால், பேங்க் பிடித்த கட்டணம், இன்னும் பாஸாகாத செக், இவற்றைப் பாருங்கள். முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

சஸ்பென்ஸ் கணக்கு வைத்திருப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது வெயிட்டிங் ரூம் மாதிரி. யாரும் அங்கேயே குடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே தேதி, யாரிடம் கேட்டிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். போன வாரம் வந்த பணம் யாருடையது என்று இன்றைக்குக் கேட்டால் பதில் வரும். பத்து மாதம் கழித்துக் கேட்டால் "எந்தப் பணம்?" என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தப்பு கண்டுபிடித்த உற்சாகத்தில் பழைய என்ட்ரியை அழித்துத் திருத்தாதீர்கள். அதையே பற்று வரவு மாற்றி ரிவர்சல் என்ட்ரி போட்டு, காரணத்தை நரேஷனில் (பதிவோடு எழுதும் குறிப்பில்) எழுதிவிட்டு, சரியானதைப் புதிதாகப் போடுங்கள். முடித்த மாதத்தின் எண்கள் சத்தமில்லாமல் மாறினால், அதன் பிறகு உங்கள் அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆமாம், பேமென்ட் போடுவதும் நீங்கள்தானா? அப்படியென்றால் ரீகன்சிலியேஷனை வேறொருவர் பார்ப்பதுதான் முறை. ஆள் இல்லையென்றால், முடித்த தாளில் சீனியரிடம் வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள். நாலு வாரம் கையெழுத்துப் போட்டவர் ஐந்தாவது வாரம் தாளை எங்கே என்று அவரே கேட்பார். டிராயரில் இருக்கும் பட்டியலை அப்போது எடுக்கலாம்.