பற்றிக்கொள்கிறது, ஆனால் நிலைக்கவில்லை: பெல்லட் அடுப்பில் என்ன கோளாறு?

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோவின் ஊர்ப்புறத்தில், எரிவாயுக் குழாய் வராத இடத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். கூடத்தில் பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் அடுப்பு, இருக்கிறது. பற்றவைத்தால் எரிகிறது, அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. கண்ணாடி ஒரே நாளில் கறுத்துப்போகிறது. பற்றவைக்கும் கம்பி கெட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னதால் அதை மாற்றினோம். பெல்லட்டைக் கூடுதலாக விழச்செய்தும் பார்த்தோம். பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கம்பிக்குச் செலவழித்த பணம் வீண். அதன் வேலை முதல் சில நிமிடங்களோடு சரி. தீ மூண்டுவிட்டது என்றாலே அது நன்றாக இருக்கிறது என்று பொருள். உங்கள் அடுப்பு காற்றுக்குத் தவிக்கிறது. அந்த நிலையில் பெல்லட்டை அதிகமாகக் கொட்டினால் கரிதான் கூடும். முதலில் அந்த அளவைப் பழையபடி குறைத்துவிடுங்கள்.

தீயின் முகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். நல்ல தீ குட்டையாக, வெளிர் மஞ்சளாகத் துடிக்கும். சிறு பொறிகள் மேலே பறக்கும். காற்று போதாத தீ செம்மஞ்சளாக நீண்டு, நுனி கறுத்து, சோம்பலாக அசையும். கண்ணாடியில் கரி படிவது இந்தத் தீயால்தான்.

விறகடுப்பு புகைபோக்கியின் இயல்பான இழுவையை நம்பி எரிகிறது. பெல்லட் அடுப்பிலோ ஒரு மின்விசிறி புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் எரிகிண்ணத்தின் துளைகள் வழியாகப் புதுக் காற்று நுழைகிறது. இழுப்பு குறைந்தால் வாக்குவம் சுவிட்ச் அதை உணர்ந்து, பெல்லட்டைத் தள்ளும் திருகுத்தண்டை நிறுத்திவிடும். குறித்த நேரத்துக்குள் புகையின் சூடு ஏறாவிட்டாலும் இதே கதிதான். பெரும்பாலும் அந்தக் கெடு முடியும் நேரத்தில்தான் உங்கள் தீ அணைகிறது. அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்து ஏமாற்றும் வித்தையை யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வராமல் காப்பது அந்தச் சுவிட்ச்தான்.

இனி வேலை. அடுப்பு முழுவதும் ஆறியபின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எரிகிண்ணத்தை வெளியே எடுங்கள். அடியில் கண்ணாடிபோல் இறுகிய கட்டி இருக்கும்; சாம்பல் உருகி உறைந்தது அது. சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். கிண்ணம் உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். அங்கே சாம்பல் இருந்தால் கிண்ணம் சாய்ந்து நிற்கும், காற்று துளை வழியே போகாமல் ஓரமாக நழுவிவிடும். பிறகு தீயறையின் பின்தகட்டைக் கழற்றுங்கள். பலர் கைவைக்காத இடம் இதுதான். கைப்பிடி கைப்பிடியாகச் சாம்பல் வரும். புகைவிசிறியின் இதழ்கள், புகைக்குழாயின் அடிமூடி, வாக்குவம் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் ஆகியவற்றையும் பாருங்கள். சாம்பலுக்கென்றே விற்கும் உறிஞ்சியைப் பயன்படுத்துங்கள். சாம்பலுக்குள் கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். சாதாரண உறிஞ்சியின் பை தீப்பிடித்துவிடும்.

கதவின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிற்றைச் சோதிக்க ஒரு தாளை இடுக்கிக் கதவை மூடி இழுங்கள். எளிதாக வழுக்கி வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது. ரூபாய்த்தாளை வைத்துப் பார்ப்பதுபோல் டாலரை வைக்காதீர்கள். கனடா நோட்டு பாலிமரில் ஆனது, நல்ல கதவிலும் வழுக்கும்.

இன்னொரு கேள்வி: அடுப்பு அணைவது நீங்கள் சமைக்கும் நேரத்திலா? தாளிப்பு நெடிக்காகச் சமையலறை விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டால், காற்றுப்புகாமல் கட்டிய வீட்டில் அது அடுப்பின் காற்றையும் இழுத்துக்கொள்ளும். விசிறி ஓடும்போது ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். தீ தெளிந்தால், வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் தேவை. ஏற்கெனவே இருந்தால் அதன் வெளிவாயைப் பனியோ எலிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்லட்டின் தரம் அடுத்தது. 40 பவுண்டு மூட்டையின் அடியில் தூள் குவிந்திருந்தால் அல்லது உருளைகள் ஊதி உதிர்ந்தால், அது ஈரம் பட்ட சரக்கு. மூட்டைகளை வெறும் சிமென்ட் தரையில் வைக்க வேண்டாம், பலகை போட்டு அடுக்குங்கள். மூட்டையில் சாம்பல் அளவைத் தேடுங்கள்: 1 சதவீதத்துக்கு மேல் என்றால் கிண்ணத்தில் கட்டி சேரும், தினமும் சுரண்டத் தயாராக இருக்க வேண்டும்.

மின்சாரம் போனால் புகைவிசிறியும் நின்று, புகை கூடத்துக்குள் வரக்கூடும். யுபிஎஸ் வைப்பது நல்லது. படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்டாரியோவில் சட்டப்படியே கட்டாயம். இத்தனையும் சுத்தம் செய்தபின்னும் தீ சோம்பினால், கோளாறு புகைவிசிறியின் மோட்டாரிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ இருக்கலாம். அதற்கு மின் அளவீடு தேவை. வெட் (WETT) சான்று, அதாவது விறகு, பெல்லட் அடுப்பு வேலைக்கான கனடாவின் தொழிற்சான்று, பெற்ற தொழில்நுட்பரை அழையுங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும் என்பதால், அதையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.