ரோபோவா லப்பரஸ்கோப்பா: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

என் எடை 128 கிலோ. எடைகுறைப்புச் சத்திரசிகிச்சையைச் சென்னைக்குப் போய் ரோபோவில் செய்தால் தவறே நடக்காது என்கிறார்கள். மெசின் தானாகவே வெட்டுமா? (உப்புவெளி)

தானாக ஒரு நூலைக்கூட இழுக்காது ஐயா. சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கையை அசைப்பார், கட்டிலருகே நிற்கும் இயந்திரக் கைகள் அதைச் செய்யும், அவ்வளவுதான். லப்பரஸ்கோப்பில், அதாவது சிறு துளைவழியே கமெராவை விட்டுச் செய்யும் முறையில், நீளக் கருவிகளை அவரே பிடித்திருப்பார். இரண்டிலும் சிறு துளைகள்தான், இரண்டிலும் வயிற்றுக்குள் வாயு நிரப்பித்தான் இடம் உண்டாக்குகிறோம், இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிடும் ஸ்லீவ் என்றால் எதில் செய்தாலும் அதே ஸ்லீவ்தான். எடை குறைவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ரோபோவில் தியேட்டர் நேரமும் பில்லும் கூடும். தைத்த இடம் கசிவது, இரத்தம் வடிவது, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போவது, இவை இரண்டிலும் வரலாம். தவறே நடக்காது என்பவரிடம் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்படியென்றால் ரோபோ எதற்கு? (கிண்ணியா)

அதன் நுனி மணிக்கட்டுப் போல வளையும். வயிற்றுச் சுவர் தடித்திருந்தால் நேரான கருவியைத் திருப்பவே மல்லுக்கட்ட வேண்டும், அந்தப் பாரத்தை இயந்திரக் கை சுமக்கும். பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 50ஐத் தாண்டியவர்கள், முன்பு செய்ததைத் திருத்த வந்தவர்கள், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு கையால் தைத்து இணைக்கும் பைபாஸ், இங்கே எனக்கும் ரோபோ பிடிக்கும். (எங்கள் தோள்பட்டைக்கும் சுகம், அதை மறைப்பானேன்.) முதல்முறை செய்யும் சாதாரண ஸ்லீவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டுமா என்றால், என் வீட்டு ஆளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நீரிழிவு 11 வருடமாக இருக்கிறது, இரவில் நெஞ்செரிவும் உண்டு. எந்த முறை நல்லது? (தம்பலகாமம்)

நீங்கள் யோசிக்க வேண்டியது ரோபோவா லப்பரஸ்கோப்பா என்றல்ல, ஸ்லீவா பைபாஸா என்று. ஸ்லீவ் செய்தால் இரைப்பை ஒடுங்கிய குழாயாகி உள்ளே அழுத்தம் கூடும், சிலருக்கு நெஞ்செரிவு முன்னையைவிட மோசமாகும். பைபாஸில் அது பெரும்பாலும் தணியும், சீனியும் நன்றாக இறங்கும். முதலில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கமெராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்து பாருங்கள்.

மகளுக்கு பிஎம்ஐ 29, சீனி வருத்தமும் இருக்கிறது. தகுதி உண்டா? (மூதூர்)

உண்டு அக்கா. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது 2022 சர்வதேச வழிகாட்டி. கல்யாணம் பேசுகிறீர்கள் என்றால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும்.

எப்போது புட்டு சாப்பிடலாம்? கொழும்பில் செய்துவிட்டு ஊருக்கு வந்தபின் ஏதும் நடந்தால்? (சாம்பல்தீவு)

முதல் இரண்டு வாரம் தண்ணியாக, பிறகு மசித்தது, ஒரு மாதம் போனால் மெதுவாகத் திடஉணவு. புட்டுக்கு அவசரம் வேண்டாம், முதலில் மீன், முட்டை, பருப்பு: ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். கிண்ணியாத் தயிர் தாராளமாக, பாணி ஊற்றாமல். பி12, இரும்பு, கல்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும்.

காய்ச்சல், மூச்சுவாங்கல், நாடி 120க்கு மேலே நிற்பது, இதில் ஒன்று வந்தாலும் கொழும்பு வைத்தியருக்குப் போன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், சுமார் 260 கிலோமீற்றர் பயணம் அது. திருகோணமலை வைத்தியசாலைக்கே நேராகப் போங்கள், சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.