ஆயிரம் பேரைக் கேட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போக்கைக் கணிப்பது எப்படி?

தேர்தலுக்கு முன் வாக்காளர்களில் சிலரிடம் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டு, மொத்தப் பேரின் போக்கை மதிப்பிடுவதுதான் கருத்துக்கணிப்பு.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் விவரமான வியாபாரி மேல்வரிசையைப் பார்த்து விலை பேசமாட்டார். கையை விட்டு நடுவிலும் அடியிலும் நாலு காய் எடுப்பார். கணிப்பும் அப்படித்தான். ஓசூர் தொழிற்சாலை வாசலில் மட்டும் கேட்டால் அது மேல்வரிசை. தளி மலைக்கிராமத்தார், ஊத்தங்கரை விவசாயி, பெங்களூரில் வேலை முடித்து ராத்திரி திரும்புகிறவர் எல்லோரும் சேரவேண்டும். அதனால்தான் இருட்டிய பிறகும் கதவைத் தட்டுகிறார்கள். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. அந்த மொழி தெரியாதவரை அனுப்பினால் பதில் கோணிவிடும்.

இப்படிக் கலந்து 1,000 பேரை எடுத்து நூறு தடவை கணித்தால், சுமார் 95 தடவை பிழை (கணிப்புக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வித்தியாசம்) முன்னே பின்னே ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் நிற்கும். 4,000 பேரைக் கேட்டாலும் அது பாதியாகத்தான் குறையும்.

(இந்த வேலை பார்ப்பவர்களைக் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள்: "யாருங்க ஜெயிப்பாங்க?" சிரித்துக்கொண்டே ரசம் கேட்பதுதான் தப்பிக்கும் வழி.)

"என்னை யாருமே கேட்கலை, அப்போ பொய்தானே?" என்பவர்களுக்கு: லட்சக்கணக்கான வாக்காளர்களில் ஆயிரம் பேரை எடுக்கும்போது உங்களைக் கேட்காமல் போவதுதான் இயல்பு.