எங்கள் தெருவில் ஒரு மனையை மட்டும் வணிகப் பகுதியாக மாற்றலாமா?

கேள்வி: தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், முழுக்கத் தனி வீடுகள் உள்ள தெருவில் வசிக்கிறோம். தெருவின் அகலம் 24 அடி. தெருக் கோடியில் காலியாகக் கிடக்கும் பெரிய இடத்தை 'முதன்மைக் குடியிருப்பு' வகையிலிருந்து 'வணிக' வகைக்கு மாற்றப்போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் நாளிதழில் சின்ன அறிவிப்பு வந்திருக்கிறது. கல்யாண மண்டபம் வரும் என்று பேச்சு. இடத்துக்காரரைக் கேட்டால், "சூப்பர் மார்க்கெட் மட்டும்தான், எழுதியே தருகிறேன்" என்கிறார். எங்கள் நலச் சங்கம் பதிவு செய்யப்படாதது. அவர் நிலத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? நேராக ஹைகோர்ட்டுக்குப் போய்விடலாமா?

பதில்: உரிமை உண்டு. ஆனால் கோர்ட்டுக்கு இப்போது போக வேண்டாம்.

உங்கள் பகுதி சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் வருகிறது. எந்த சர்வே எண்ணில் என்ன வரலாம் என்பதை 2008-இல் அரசு ஒப்புதல் கொடுத்த இரண்டாம் முழுமைத் திட்டம் சொல்கிறது. அதில் ஒரு மனையின் வகையை மாற்றுவதென்றால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 32-வது பிரிவின்படி திட்டத்தையே திருத்த வேண்டும். திருத்தும் வேலை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துடையது, அதாவது சி.எம்.டி.ஏ.வுடையது. முடிவானதும் அரசிதழில் வெளியாகும். நீங்கள் பார்த்த அறிவிப்பு அதற்கு முந்தைய படி. ஆட்சேபம் சொல்ல நிலத்தின் சொந்தக்காரராகவோ பதிவு பெற்ற சங்கமாகவோ இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்துக்கு வருகிறேன். பலரும் ஏமாறுவது இங்கேதான். வகை மாற்றம் அந்த சர்வே எண்ணுக்குக் கிடைக்கிறது, இன்றைய உரிமையாளர் மனதில் இருக்கும் கட்டடத்துக்கு அல்ல. வணிகப் பகுதி என்று அரசிதழில் வந்த பிறகு, வணிகப் பகுதியில் விதிகள் அனுமதிக்கும் எதற்கும் அவர் விண்ணப்பிக்கலாம். நாளை இடத்தை விற்றால் வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம். முத்திரைத்தாளில் அவர் உங்களுக்கு எழுதித் தருவது சி.எம்.டி.ஏ.வைக் கட்டுப்படுத்தாது. அதனால் "சூப்பர் மார்க்கெட் வரட்டுமா வேண்டாமா" என்று தெருவில் விவாதிக்காதீர்கள். வணிகப் பகுதியில் வரக்கூடியவற்றிலேயே மிகப் பெரியது எதுவோ, அதை இந்தத் தெரு தாங்குமா என்று பாருங்கள். சின்னக் கடையும் டாக்டரின் ஆலோசனை அறையும் முதன்மைக் குடியிருப்புப் பகுதியிலேயே நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படுகின்றன. அவ்வளவுதான் வேண்டும் என்றால் வகையை மாற்றுவானேன்? இந்தக் கேள்வியை ஆட்சேபக் கடிதத்திலேயே வையுங்கள்.

கடிதத்தில் "எங்கள் நிம்மதி போய்விடும்", "வீட்டு மதிப்பு குறையும்" என்று எழுதிப் பயனில்லை. திட்ட அதிகாரி எடைபோடக்கூடிய காரணங்கள் வேறு. முதலில் சாலை. 24 அடி என்பது சுமார் 7.3 மீட்டர். டேப் வைத்து அளந்து, மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று போட்டோவோடு கொடுங்கள். எதிரும் புதிருமாக இரண்டு கார் வந்தால் என்ன ஆகிறது, தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா, தெரு முட்டுச் சந்தா என்பதெல்லாம் வர வேண்டும். அடுத்தது தண்ணீர். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் 2015 வெள்ளத்தை மறந்தவர் கிடையாது. அந்தக் காலி மனைதான் இப்போது மழைநீரை உறிஞ்சுகிறது என்றால், எந்த மழையில் எந்த வீடு வரை நீர் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள். பாதாளச் சாக்கடை இல்லை என்றால் அதையும் சேருங்கள். சத்தத்துக்கும் சட்டத்தில் அளவு உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. சுற்றிலும் வீடுகள் இருக்க, நடுவில் ஒரு மனைக்கு மட்டும் இந்த அளவு எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள்.

ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அறுபது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நம் ஊர் வழக்கம். அதன் மதிப்பு ஒரு கடிதத்தின் மதிப்புதான். பத்து வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலில் நடப்பதைத் தனித்தனியாக எழுதினால் பத்து ஆட்சேபங்கள். அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணையும் கிராமப் பெயரையும் அப்படியே குறிப்பிட்டு, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்கு எழுதுங்கள். ஒருவராவது நேரில் போய், தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் கடிதத்தில் கேளுங்கள். கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் கேட்டதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.

அன்றைக்கே பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மாற்றம் கேட்ட விண்ணப்பம், வரைபடம், தள ஆய்வுக் குறிப்பு, மற்றத் துறைகளின் கருத்து ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஆட்சேபக் கெடு முடிந்துவிடலாம். எனவே பதிலுக்காகக் காத்திருக்காமல் இருப்பதை வைத்து முதலில் ஆட்சேபத்தைக் கொடுத்துவிடுங்கள், புதிதாகக் கிடைப்பதைப் பிறகு கூடுதல் மனுவாகச் சேர்க்கலாம். கெடு தாண்டியிருந்தாலும் முடிவு வரவில்லை என்றால் அனுப்புங்கள். பரிசீலிக்கச் சொல்லி வற்புறுத்தும் உரிமை மட்டும் அப்போது பலவீனமாக இருக்கும்.

கவுன்சிலரைப் பார்ப்பதில் தவறில்லை. முடிவு மாமன்றத்தின் கையில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் சாலை, வடிகால் விவரங்கள் மாநகராட்சியிடம்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க அவர் உதவலாம். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அதிலும் பேசி, நடவடிக்கைக் குறிப்பில் பதிய வையுங்கள்.

இனி கோர்ட். குடியிருப்புவாசிகளுக்கு வழக்குப் போட உரிமை உண்டா என்ற கேள்வி பழையது. உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் சினிமா தியேட்டருக்கு நகராட்சி கொடுத்த அனுமதியை அங்கே வசித்த ஒருவர் எதிர்த்தார், 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்த குடியிருப்புவாசிகளும் 1991-இல் ஜெயித்தார்கள். இந்தத் தீர்ப்புகளைக் காட்டி உங்களுக்கு யாராவது தெம்பு சொல்லக்கூடும். ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். அங்கே திட்டத்தை மீறி அனுமதி கொடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் திட்டத்தையே முறைப்படி மாற்றப் பார்க்கிறார்கள். அந்த முடிவு சரியா தப்பா என்று நீதிமன்றம் பொதுவாக எடைபோடாது, முறை பின்பற்றப்பட்டதா, ஆட்சேபங்களை உண்மையிலேயே பரிசீலித்தார்களா என்றுதான் பார்க்கும். ஆட்சேபமே கொடுக்காதவருக்கு அங்கே சொல்ல என்ன இருக்கும்? இப்போதே ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டால் "முதலில் அதிகாரியிடம் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். காரணம் காட்டாமல் நிராகரித்து அரசிதழில் வந்துவிட்டால், தாமதிக்காமல் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். சங்கம் பதிவு செய்யப்படாததால், பாதிக்கப்படும் இரண்டு மூன்று பேர் சொந்தப் பெயரில் மனுதாரராக இருப்பது நல்லது.

வகை மாறிவிட்டால்கூட எல்லாம் முடிந்துவிடாது. கட்ட வேண்டுமென்றால் திட்ட அனுமதி தனியாக வாங்க வேண்டும். சாலை அகலம், பார்க்கிங், பக்கவாட்டு இடைவெளி எல்லாம் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அப்போது பார்க்கப்படும். அனுமதி இல்லாமலே கட்டித் திறந்துவிட்டு, "வணிக மின் இணைப்பு இருக்கிறது, சொத்து வரியும் வணிகக் கணக்கில்தான் கட்டுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. வரி கட்டிய ரசீது திட்ட அனுமதி ஆகாது. மீரட்டில் குடியிருப்பு மனையில் கட்டிய கடைகள் பற்றிய வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் மிகக் கறாராகவே சொல்லிவிட்டது.

இன்னொன்று: இடத்துக்காரரின் ஆட்கள் வீடு வீடாக வந்து "ஆட்சேபம் இல்லை" என்று கையெழுத்துக் கேட்கலாம். உங்கள் தெருப் பெரியவர்கள் யாராவது விவரம் தெரியாமல் ஏற்கனவே போட்டுக் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில் என்ன சொல்லி வாங்கினார்கள் என்று எழுதி, அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக சி.எம்.டி.ஏ.வுக்குத் தனிக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.